பௌர்ணமி வரைக்கும் வீடு என்னுடையது

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். அதற்கு என் பிள்ளை நீதான் காரணம். நம் வீட்டை விற்கப் போகிறோம் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அடி அண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. டீக்கடையில் தெரிந்திருந்தது, பால் ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவள், இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டுக்குள் குடியிருக்கிற நான். ஊருக்கு முதலில் சொன்னது நீ. அதனால் என் பதிலையும் ஊர் கேட்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்துப் பார்த்தும், குப்பைக் கூடையில் விழுந்த தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்தும், யாரிடமும் கேட்காமல் நானாக எழுத்துக் கூட்டினேன். வேலையை விட்ட பிறகு பதினோரு வருஷம், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பட்டா வராதவர்கள், பென்ஷன் நின்றுபோனவர்கள், தெருவிளக்கு எரியாதவர்கள் என்று எல்லார் குறையையும் எழுதியிருக்கிறேன். என் குறையை எழுத இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருந்த ஒருவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, டேப்பை இழுத்து மதில் சுவரை அளக்க ஆரம்பித்தார். யாருங்க என்று கேட்டேன். புரோக்கர் என்றார். "உங்க பையன் சொல்லலையாம்மா? போட்டோ, பத்திர நகலெல்லாம் அனுப்பிட்டாரே" என்று போனை நீட்டினார். நீ பொங்கலுக்கு வந்தபோது எடுத்த படங்கள். அன்றைக்கு நான் அடுப்பின் முன்னால் நின்று பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் படம் எடுக்கிறான் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். புரோக்கரின் போனில் அடுப்பு இருந்தது, அலமாரி இருந்தது, நான் இல்லை. என்னை ஓரத்தில் வெட்டிவிட்டுச் சமையலறையை மட்டும் அனுப்பியிருந்தாய்.

பார்ட்டி தயாராக இருக்கிறது என்று அவர் சொன்னார். கிரிவலப் பாதையிலிருந்து இரண்டாவது தெரு என்பதால் லாட்ஜ் கட்டுகிறவர்கள் கேட்கிறார்களாம். ஒழுகுகிற மேற்கு அறையைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் கவலப்படாதீங்கம்மா. வீட்டுக்கு இன்னா வெல, நெலத்துக்குத்தான் வெல. எப்படியும் இடிக்கப் போறாங்க" என்றார். சொல்லிக்கொண்டே சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். அவரை வெளியே அனுப்பிவிட்டு உனக்குப் போன் செய்தேன். சும்மா விசாரித்தேன் என்றாய். சும்மா விசாரிக்கிறவன் பத்திர நகலை அனுப்புவானா என்று கேட்டேன். நீ என் முழங்காலைப் பற்றிப் பேசினாய். இரண்டு வருஷமாக நான் மாடி ஏறவில்லை, கேஸ் தீர்ந்தால் சிலிண்டரை உருட்டக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது, தாம்பரத்தில் லிப்ட் இருக்கிற வீட்டில் நீயும் மருமகளும் பார்த்துக்கொள்வீர்கள் என்றெல்லாம் சொன்னாய். அத்தனையும் உண்மைதான். இன்னொன்றையும் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாதது. போன மழைக்காலத்திலேயே நான் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ வந்து கேட்பாய், நான் கொஞ்சம் பிகு செய்துவிட்டுச் சரி என்பேன் என்று காத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்காமல் கொடுக்க என் கை வராது.

அதனால்தான் உன்னிடம் அப்படிச் சொன்னேன். "பௌர்ணமி வரைக்கும் வீடு என்னுது. நானே விளம்பரம் பண்றேன். அதுக்கப்புறமா உன் புரோக்கர்கிட்ட எழுதிக் குடு, நான் குறுக்க வரமாட்டேன்" என்றேன். நீ சிரித்தாய். அம்மா யாருக்கு விளம்பரம் செய்வாள், கோமதி அக்காவுக்கா என்று நீ மருமகளிடம் சொன்னது போனை வைப்பதற்கு முன்னால் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக் கோமதியிடம் அதையும் சொல்லிவிட்டேன். அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாள்.

பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கு வெள்ளை அடித்துக் கறுப்புப் பெயின்டில் நானே எழுதினேன். பதினோரு வருஷம் மனு எழுதிய கைக்குக் குறையை முதலில் எழுதித்தான் பழக்கம். எழுதியதை அப்படியே தருகிறேன். "இந்த வீடு விற்பனைக்கு. இன்னும் புரோக்கரிடம் கொடுக்கவில்லை. மேற்கு அறை மழையில் ஒழுகும். சித்திரையில் போர்வெல்லில் தண்ணீர் கம்மி. சமையலறையில் வெளிச்சம் போதாது. மற்றபடி நல்ல வீடு. உள்ளே வந்து பார்க்கலாம். இடிக்க நினைப்பவர்கள் வர வேண்டாம்." கேட்டில் கம்பி வைத்துக் கட்டிய அன்றே உன் புரோக்கர் வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, பொண்ணுக்கு மாப்பிள தேடறப்ப பல்லு தூக்கலா இருக்குதுன்னு பத்திரிகையில போடுவாங்களா?" என்றார். பல்லைப் பார்த்துத்தானே தாலி கட்டப் போகிறான், முன்னமே தெரிந்தால் என்ன என்று கேட்டேன். இதை நீயும் மனதில் வை, தம்பி. எதை விற்றாலும், அது வீடோ உன் உழைப்போ, குறையை நீயே சொல்லிவிடு. வாங்குகிறவன் கண்டுபிடித்தால் அது ஏமாற்று. நீயே சொன்னால் அது தகவல்.

பத்து நாள் யாரும் வரவில்லை. படித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். பௌர்ணமி வந்தது. நான் செய்த தப்பு என்னவென்றால், அன்றைக்கு ஆள் நடமாட்டம் ஜாஸ்தி என்று பலகையைக் கழற்றிக்கொண்டுபோய்த் தெருமுனையில், கிரிவலப் பாதையில் நடக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி வைத்து, நம் வீட்டுப் பக்கம் ஓர் அம்பு போட்டுவிட்டேன். இந்த ஊரில் பிழைக்கிற யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஐந்து மணி இருக்கும். விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் முதலில் வந்தார்கள். ஒழுகும் என்று எழுதிய வீட்டைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சிரித்தார்கள். காட்டினேன். அவர்கள் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. அந்தக் குடும்பத்தின் பின்னால் நின்றவர்கள் பலகையைப் படிக்கவில்லை, ஆள் நிற்பதை மட்டும் பார்த்தார்கள். பௌர்ணமியன்று நம் ஊரில் நாலு பேர் ஒரு வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அன்னதானம். ஒருவர் இங்கே என்ன தருகிறார்கள் என்று கேட்டதும், அவருக்கு முன்னால் நின்றவர் தெரியவில்லை, உள்ளே போகிறார்கள் என்றதும் என் காதிலேயே விழுந்தது. நான் வெளியே எட்டிப் பார்த்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. சிலர் கையில் பாக்குமட்டைத் தட்டுகூட இருந்தது. கோமதி ஓடி வந்து, "அக்கா, உங்க வூட்ல சாப்பாடு போடறீங்களாமே, எனக்கு ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டாள். சாப்பாடு இல்லை, வீட்டைக் காட்டுகிறேன் என்றேன். அவள் வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அப்ப நான் தண்ணி மோந்து குடுக்கறேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

விரட்டிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது வரிசையில் முதலில் நின்ற பெரியவர், எட்டுக் கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வந்தவர், வாசற்படியில் கால் வைக்காமல் நின்று, "கால் கழுவிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். தம்பி, அந்த வாசலை எத்தனையோ பேர் மிதித்திருக்கிறார்கள். கடன் கேட்டு வந்தவர்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், டேப்போடு வந்தவர். யாரும் அதைக் கேட்டதில்லை. நான் குழாயைக் கை காட்டினேன். அவர் கழுவினார். அவருக்குப் பின்னால் வந்த எல்லாரும் கழுவினார்கள். அதற்குப் பிறகு யாரையும் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூடம், சமையலறை, பின்கதவு, பின்னாலிருக்கிற படியேறி மொட்டை மாடி, இறங்கிச் சந்து வழியாக வெளியே. யாரும் வழி சொல்லாமலே அப்படி ஓர் ஓட்டம் அமைந்துவிட்டது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பெண் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெலுங்கில் பேசிய இரண்டு பேர் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஓர் அம்மா கூடத்தில் அப்படியே படுத்து, ஜில்லென்ற தரையில் கன்னத்தை வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டு எழுந்து போனாள். ஒருவர் என்னிடம் மெதுவாக, "இங்க எந்த சாமி இருந்தாருங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் இருந்தாரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பாவின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு வணக்கம் சொன்னவர்கள் குறைவு. செங்கல் சூளையில் கணக்குப்பிள்ளை திட்டினால்கூடத் தலை நிமிராமல் நின்றவர். அவரை அன்று அத்தனை பேர் கும்பிட்டார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்து யாரிடம் பர்மிஷன் வாங்கினீர்கள் என்றார். என் வீட்டுக்குள் வருவதற்கு என் பர்மிஷன் போதாதா என்று கேட்டேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவரும் மாடிக்குப் போனார். சாப்பாடு இல்லை என்று தெரிந்த பிறகும் வரிசை கலையவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. மேலே என்ன இருக்கிறது என்று கோமதியைக் கேட்டேன். "நம்ப மலதான் அக்கா. ஆனா யாரும் எறங்கி வர மாட்டேங்கறாங்க" என்றாள்.

அப்போதுதான் கீழ்பென்னாத்தூர்க்காரி வந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் வேன் ஓட்டுகிறாராம், மூத்த பெண் திருவண்ணாமலையில் காலேஜ் படிக்கிறாளாம். அவள் ஒருத்திதான் பலகையை முழுக்கப் படித்துவிட்டு வந்தவள். நிலைப்படியைத் தொடவில்லை, சுவரைக் கும்பிடவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எத்தனை வேகமாக வருகிறது என்று பார்த்தாள். பிறகு, "ஒழுகற எடத்த காட்டுங்கம்மா" என்றாள். மேற்கு அறையில் கறை படிந்த மூலையைக் காட்டினேன். நாற்காலியைப் போட்டு ஏறி, விரலால் சுரண்டி, "இது தளத்துல இல்லங்க, மேல பைப் போற எடத்துல. மாடிக்குப் போயி பாத்தா தெரியும், வாங்க" என்றாள். என்னால் ஏற முடியாது என்றேன். "நான் பின்னாடி வரேன், மெதுவா ஏறுங்க" என்றாள். இரண்டு வருஷமாக டாக்டர் சொல்லியும் நீ சொல்லியும் நான் கால் எடுத்து வைக்காத படியை அன்று ஏறினேன். பதினெட்டுப் படி. என் முதுகில் அவள் கை இருந்தது.

மாடியில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். நம் வீட்டுக்கு மலை கிழக்கே இருக்கிறது, உனக்குத் தெரியும். டவுனில் நிலா தெரிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நமக்கு மலைக்கு மேலே வரும். அங்கே கோயில் பக்கம் எல்லாரும் நிலாவைப் பார்த்து முடித்திருப்பார்கள். இங்கே வானம் வெளுத்துக்கொண்டே வருகிறது, மலை கறுத்துக்கொண்டே போகிறது, நிலாவைக் காணோம். யாரும் அசையவில்லை. பிறகு உச்சிக்குச் சற்று வலப்பக்கம் ஒரு பாறையின் ஓரம் மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது. அந்தக் கம்பி பருத்தது. மலை விளிம்பில் நிற்கிற ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது, அவ்வளவு தூரத்தில், இலை எண்ணலாம் போல. முழு நிலாவும் மலையை விட்டுக் கிளம்பியபோது என் பக்கத்தில் நின்ற ஒருவர் அரோகரா என்று சொல்லிக் கைகளைத் தலைக்கு மேல் குவித்தார். முழங்கால் விடும் வரைக்கும், இருபத்துநாலு வருஷம் அந்த மாடியில் நான் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன், வடகம் காயப்போட்டிருக்கிறேன். காக்கை தெருப்பக்கமிருந்து வரும் என்பதால் எப்போதும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டிலிருந்து இது தெரியும் என்பதை முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று எனக்குக் காட்ட வேண்டியிருந்தது. பலகையில் எழுதிய குறை மூன்றும் சரி. "மற்றபடி நல்ல வீடு" என்று எழுதினேனே, அது எவ்வளவு பெரிய குறைச்சல்.

கூட்டம் இறங்கிய பிறகு கீழ்பென்னாத்தூர்க்காரி பைப் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் சொன்னது சரிதான், அங்கேதான் விரிசல். வீடு பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கடலை போடுகிற நிலத்தை விற்றுத்தான் வாங்க வேண்டும் என்றாள். அவள் சொன்ன விலை உன் லாட்ஜ்காரர்கள் தருவதைவிடக் கம்மி. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் வாயிலிருந்து வேறு ஒரு கேள்வி வந்தது. "நெலத்த விக்கறது புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "கேக்காம எப்படிங்க விக்கறது? ரெண்டு பேரையும் உக்கார வெச்சி கேட்டேன். சின்னவன் சரின்னுட்டான், பெரியவ வேணான்னா. மூணு மாசம் ஒண்ணும் பேசல நான். அவளா வந்து சரிம்மான்னு சொன்னப்பறம்தான் வீடு பாக்கக் கெளம்பினோம்."

நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முழங்கால் வலி என்று நினைத்தாள்.

தம்பி, நம் கொல்லையை, கிணற்றோடு இருந்த அந்தப் பயிர் நிலத்தை விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டினோம். உனக்குப் பதினைந்து வயது, ஹாஸ்டலில் இருந்தாய். உன் அப்பா என்னிடம் இரண்டு தடவை சொன்னார், பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று. "படிக்கற பையன், அவனுக்கு இன்னா தெரியும்" என்று நான்தான் தடுத்தேன். தீபாவளிக்கு வந்தவன் பையை வீசிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக் கிணற்றுக்கு நீந்த ஓடினாய். அங்கே வேறு ஒருவருடைய டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கினவர் உன்னை யார் வீட்டுப் பையன் என்று கேட்டிருக்கிறார், இனிமேல் இந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். காய்ந்த துண்டோடு திரும்பி வந்தாய். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாய். தீபாவளிக்கு முந்தின நாள், பரீட்சை இருக்கிறது என்று ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறினாய். பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும். நல்லதுக்குத்தானே செய்தோம், வீடு கட்டினோமே, புரிந்துகொள்ளாத பிள்ளை என்று இத்தனை வருஷம் உன்மேல்தான் வருத்தத்தை வைத்திருந்தேன். நிலத்தை விற்றது தப்பு என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விற்காவிட்டால் உன் படிப்பும் இல்லை, இந்தக் கூரையும் இல்லை. உன்னைக் கேட்காமல் விற்றது தப்பு. கிணற்று மேட்டில் நிற்கிற உன்னை ஊரான் ஒருவன் யாரென்று கேட்கும்படி விட்டது தப்பு. அதை எழுத எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. எழுதும்போதும் சுலபமாக இல்லை.

இதற்காக நீ புரோக்கரை அனுப்பியது சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சமையலறைப் படத்தில் என்னை வெட்டியது சரியாகாது. நாளைக்கு உன் பிள்ளைகளுடைய ஒரு சைக்கிளை விற்பதானாலும், அவர்களைக் கேட்டுவிட்டு விற்பாய் என்றுதான் எதிர்பார்க்கிறேன். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு வந்தவுடன் கேட்கிற வழக்கம் நின்றுவிடுகிறது. எனக்கு நின்றது, உனக்கும் நின்றிருக்கிறது.

மறுநாள் வீடு பெருக்கினேன். அத்தனை பேர் புகுந்து போன வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை. அப்பாவின் படத்துக்குக் கீழே கொஞ்சம் கதம்பமும் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தன. மத்தியானம் உன் புரோக்கர் வந்தார், பௌர்ணமி முடிந்துவிட்டதே என்றார். லாட்ஜ்காரர்கள் இன்னும் ஏற்றித் தருவார்களாம், கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். சொன்ன சொல்லை நான் மீறுகிறவள் இல்லை, ஆனால் என் பையன் வராமல் எதுவும் ஆகாது என்று உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினேன். கீழ்பென்னாத்தூர்க்காரிக்கும் போன் செய்து அதையே சொன்னேன். பையனைக் கேட்க வேண்டும் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்று அவள் கேட்கவில்லை. "கேளுங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றாள்.

ஆகவே கேட்கிறேன். வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அதாவது உனக்கும் எனக்கும். காசு ஜாஸ்தி வேண்டும் என்றால் இடிக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். உனக்குக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பெரிய விஷயம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் மனசு எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வேறு மாதிரி சொன்னால் சண்டை போடுவேன், சத்தமாகவே போடுவேன், கோமதி வீடு வரைக்கும் கேட்கும். ஆனால் நீ சரி என்று சொல்லாமல் ஒரு தாளிலும் கை வைக்க மாட்டேன். போனில் பதில் சொல்லாதே. வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல். யாருக்கு விற்கலாம், தம்பி?